பார்வை போன பின்னும் படம் செய்தவர்
பினோத் பிஹாரி முகர்ஜி (1904 – 1980)

1990களில் நமது பாடசாலையில் படித்தவர்களுக்குச் சித்திர அறை நினைவிருக்கும். மண்டபத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீண்ட அறை. மாத்தளை ரயில் போகும்போது மேசை மேல் இருக்கும் தண்ணீர்க் கோப்பைகள் லேசாக ஆடும். ஒட்டுச்சித்திரப் பாடத்தன்று வீட்டிலிருந்து யார் எதைக் கொண்டுவருவது என்று எங்களுக்குள் பெரிய போட்டி நடக்கும். மிளகுக் காம்பு, காய்ந்த கொக்கோ ஓடு, கறுவாப்பட்டைச் சீவல், தேயிலைப் பைக்கற்றின் வெள்ளித் தாள், அம்மாவின் பழைய சேலைக் கரை, தும்பு, கோழி இறகு என்று எல்லாம் அந்த மேசையில் வந்து குவியும். பிரிஸ்டல் போர்ட் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு டீச்சர் பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டிக் கொடுப்பார். கடையில் வாங்கியதைவிட வீட்டில் கண்டெடுத்ததற்குத்தான் அவரிடம் புள்ளி கூட.

அந்த டீச்சருக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. சீனி வருத்தம் இரண்டு விழித்திரைகளையும் தின்றுவிட்டது. லேசர் சிகிச்சையும் செய்து, ஊசியும் போட்டு, கடைசியில் வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும் தெரிகிற நிலையில் இருக்கிறார். நூற்றாண்டு விழாவில் அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று சங்கத்தில் முடிவெடுத்தபோது அழைக்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. தன்னால் பார்க்க முடியாத கண்காட்சிக்குத் தன்னைக் கூட்டிப்போக வேண்டாம் என்று மறுத்துவிட்டார். கத்தரிக்கோல்களைக்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்திருந்தார்.

வைத்தியர் என்ற முறையில் எனக்கு அவரிடம் சொல்ல எதுவும் மிச்சமிருக்கவில்லை. பழைய மாணவி என்ற முறையில் ஒரு மனிதரின் கதையை மட்டும் சொன்னேன். அன்று விறாந்தையில் இருந்து துண்டு துண்டாகச் சொன்னதை இந்த மலருக்காக ஒழுங்காக எழுதுகிறேன்.

பினோத் பிஹாரி முகர்ஜி 1904 பெப்ரவரி 7ஆம் திகதி கல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் பிறந்தார். படித்த, பெரிய குடும்பம். அண்ணன்மாரில் ஒருவர் வைத்தியர். பிள்ளைக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றக் கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளையைப் பள்ளிக்கூடங்கள் விரும்பிச் சேர்ப்பதில்லை. கரும்பலகை தெரியாது, புத்தகத்தை மூக்கில் ஒட்டி வைத்துத்தான் வாசிக்க வேண்டும், அடிக்கடி நோய் வேறு. இன்றும் எங்கள் கிளினிக்குக்கு வரும் சில தாய்மார் பிள்ளையின் கண்ணாடியின் தடிப்பைப் பார்த்துவிட்டு இனி இவளைப் படிக்க வைத்து என்ன பயன் என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் இவருடைய பெயரைத்தான் சொல்கிறேன்.

1917இல், பதின்மூன்றாவது வயதில், அவரை சாந்திநிகேதனுக்கு அனுப்பினார்கள். ரவீந்திரநாத் தாகூர் 1901இல் தொடங்கிய அந்தப் பள்ளிக்கூடம் மரத்தடியில் நடந்தது. சாந்திநிகேதன் நமக்கு அந்நியமான பெயர் அல்ல. 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்து ஹொரணையில் ஸ்ரீ பாலி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டியதும், அங்கே போய்ப் படித்து வந்த நம் நாட்டுக் கலைஞர்களும் நாம் சமூகக்கல்வியில் படித்தவைதான். 1919இல் அங்கே கலாபவன் என்ற ஓவியப் பிரிவு ஆரம்பமானபோது பினோத் பிஹாரி அதில் சேர விரும்பினார். ஆசிரியர் நந்தலால் போஸுக்குத் தயக்கம். பார்வை இப்படி இருக்கிற பையன் ஓவியனாவது எப்படி? விஷயம் தாகூரிடம் போனது. பையன் ஒழுங்காக வருகிறானா, ஆர்வம் இருக்கிறதா என்றுதான் தாகூர் விசாரித்தார். இரண்டுக்கும் பதில் ஆம் என்றதும், அவனை அவன் வழியில் விடும்படி சொல்லிவிட்டார். ஒரு தலைமை ஆசிரியர் தன் வாழ்நாளில் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் சில வேளை இவ்வளவுதான்.

1925இல் அவர் அங்கேயே ஆசிரியரானார். கலாபவன் நூலகத்தையும் பார்த்துக்கொண்டார். சுற்றியிருந்த பீர்பூம் மாவட்டத்தின் செம்மண் பள்ளங்கள், தனித்து நிற்கும் பனைமரம், சந்தால் மக்களின் ஊர்கள் எல்லாம் அவருடைய நீர்வர்ண ஓவியங்களில் வருகின்றன. 1937–38இல் யப்பானுக்குப் போய் அங்குள்ள ஓவிய மரபைக் கற்று வந்தார். நீளமான சுருள் ஓவியங்கள் அவருக்குப் பிடித்தமானவை. எனக்கு இதில் ஒரு வைத்தியக் காரணமும் தெரிகிறது. சுருள் ஓவியத்தைத் தூரத்தில் நின்று முழுதாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு முழம் விரித்து, கிட்ட வைத்துப் பார்த்து, அதைச் சுருட்டிக்கொண்டு அடுத்த முழத்துக்குப் போகலாம். கிட்டப்பார்வைக்காரருக்கென்றே செய்தது போன்ற வடிவம் அது.

அவருடைய பெரிய வேலைகள் சுவர்களில் இருக்கின்றன. 1940இல் கலாபவன் மாணவர் விடுதியின் கூரையில் உட்பக்கமாக பீர்பூம் கிராம வாழ்க்கையை வரைந்தார். 1942இல் சீனபவனில் சாந்திநிகேதனின் அன்றாட வாழ்க்கையை வரைந்தார். 1946–47இல் ஹிந்திபவனின் மூன்று சுவர்களில் இடைக்கால இந்தியாவின் பக்தர்களை வரைந்தார். நம் தமிழ் நாட்டு ராமானுஜர் இருக்கிறார், கபீர் தறியோடு இருக்கிறார், துளசிதாசர் இருக்கிறார், குரு கோவிந்த் சிங் இருக்கிறார். கண் தெரியாத பாடகர் சூர்தாசரும் இருக்கிறார். வங்காளத்தில் மதக் கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த மாதங்களில் வரையப்பட்ட சுவர் இது. அதில் ஒரு ஆயுதச் சண்டைகூடக் கண்ணுக்கு முன்னால் நிற்கவில்லை. ஆறு ஓடுவது போல மக்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

அது ஈரச் சுண்ணாம்பில் செய்யும் வேலை. அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பூச்சு பூசுவார்கள். அது காய்வதற்குள் நிறத்தை இட்டுவிட வேண்டும். காய்ந்ததும் நிறம் சுவரோடு சுவராகிவிடும், பிழை விட்டால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசத்தான் வேண்டும். இதனால் பலர் முழு அளவில் தாளில் வரைந்து, அதைச் சுவரில் வைத்துப் பிரதி எடுப்பார்கள். இவர் சிறிய குறிப்புப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு நேரே சுவரில் வரைந்தார். ஒற்றைக் கண், அதுவும் ஒரு சாண் தூரத்துக்கு மேல் தெளிவில்லாதது. சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தவருக்கு முழுச் சுவரும் ஒரு தடவையாவது கண்ணில் தெரிந்திருக்காது. ஆனாலும் எந்த உருவம் எங்கே வர வேண்டும், அதற்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்வை போவதற்கு வெகு காலம் முன்பே அவர் ஞாபகத்தாலும் கையாலும் படம் செய்யப் பழகியிருந்தார்.

1944இல் அவர் லீலா என்ற மாணவியை மணந்தார். லீலாவும் கலைஞர், மரத்தில் சிற்பம் செதுக்கியவர். 1940களின் கடைசியில் சாந்திநிகேதனை விட்டு, நேபாளத்தில் காத்மண்டு அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றார். 1949இல் மகள் மிருணாளினி பிறந்தார். பிறகு 1951–52இல் இராஜஸ்தானில் வனஸ்தலி வித்யாபீடத்தில் படிப்பித்தார். வனஸ்தலி பெண் பிள்ளைகளுக்கான நிறுவனம் என்பதால் இந்த மலரில் அதை ஒரு வரியோடு விட மனமில்லை. ஹீராலால் சாஸ்திரியும் ரத்தன் சாஸ்திரியும் தங்கள் பன்னிரண்டு வயது மகள் சாந்தா திடீரென்று இறந்த துக்கத்தில் 1935இல் ஒரு கிராமத்தில் சில பிள்ளைகளோடு தொடங்கியது. இன்று அது பல்கலைக்கழகம். அதன் சுவர்களிலும் ஓவியங்கள் இருக்கின்றன. வனஸ்தலிக்குப் பிறகு கணவனும் மனைவியுமாக முசூரி மலையில் ஒரு சிறிய கலைப் பள்ளியை நடத்திப் பார்த்தார்கள்.

இருந்த அந்த ஒரு கண்ணில் வெண்புரை விழுந்தது. 1956 அளவில் சத்திரசிகிச்சை செய்தார்கள். பலிக்கவில்லை. ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று வயதில் அவர் முழுக் குருடரானார். இந்த இடத்தில் டீச்சர் என்னை நிறுத்தி, இன்றைக்கென்றால் காப்பாற்றியிருப்பீர்களா என்று கேட்டார். அப்போது வெண்புரையை எடுப்பது இன்றைய பத்து நிமிட வேலை அல்ல. கண்ணில் பெரிய வெட்டுப் போட்டு, வில்லையை அதன் உறையோடு முழுதாக வெளியே எடுப்பார்கள். பிறகு நாட்கணக்கில் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். கண்ணுக்குள் செயற்கை வில்லை வைப்பது 1949இல்தான் லண்டனில் முதல் முதலாகச் செய்யப்பட்டது, நம் பக்கங்களுக்கு அது வரப் பல ஆண்டுகள் ஆயின. கடும் கிட்டப்பார்வையுள்ள கண் நீண்டு, விழித்திரை மெலிந்து போயிருக்கும். அப்படிப்பட்ட கண்ணில் கை வைப்பது இன்றைக்கும் கவனமான வேலை. இதை எல்லாம் டீச்சரிடம் சொன்னேன். அவர் எதிர்பார்த்த பதில் இதுவல்ல என்று எனக்கும் தெரியும்.

ஒரு ஓவியருக்கு இது நடந்தால் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் கத்தரிக்கோலை எடுத்தார். நிறத் தாள்களை வெட்டினார், மடித்தார், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினார். பழங்களோடு இருக்கும் ஒரு பெண்ணின் ஒட்டுச்சித்திரம் 1957இல் செய்யப்பட்டது. அது இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பார்வை போன சூட்டோடு செய்யப்பட்டது என்பதைக் கவனியுங்கள். துக்கம் கொண்டாட அவர் அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அல்லது வேலை செய்துகொண்டே துக்கப்பட்டார் என்றும் இருக்கலாம், நான் கண்ட நோயாளிகளில் இந்த இரண்டாவது வகையினர்தான் தேறினார்கள்.

தாளில் அப்படி என்ன இருக்கிறது? தூரிகையால் தாளில் ஒரு கோடு போட்டால் விரலுக்கு அது தெரியாது. ஈரம் காய்ந்ததும் கோடு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கையால் கண்டுபிடிக்க முடியாது. வெட்டிய தாளுக்கோ ஓரம் இருக்கிறது. ஒட்டிய பிறகும் அந்த ஓரம் விரல் நுனிக்கு ஒரு சின்னப் படிபோலத் தட்டுப்படும். எங்கள் உடம்பில் தொடுவுணர்வு மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஒன்று விரல் நுனி. ஒரு உருவத்தின் மேல் இன்னொன்று எவ்வளவு ஏறியிருக்கிறது, இடையில் எவ்வளவு வெளி விட்டிருக்கிறது என்பதை விரல் அளந்து சொல்லும். நிறம் ஒன்றுதான் விரலுக்கு எட்டாது. அதைப் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும், பிறகு எந்தத் துண்டு என்ன நிறம் என்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஞாபகம் அவருடைய பழைய பலம். மெழுகில் சிறு உருவங்களும் பிடித்தார். பேனாவால் கோட்டோவியங்களும் வரைந்தார், கல்லச்சுப் படங்களும் செய்தார். ஆனால் என் மனம் தாள்களிடம்தான் போகிறது.

தாளை வெட்டிப் படம் செய்த வேறு பெரியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் மேரி டெலனி என்ற விதவை 1770களில், எழுபத்திரண்டு வயதில், நிறத் தாளை நுணுக்கமாக வெட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். பத்து வருடத்தில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பூக்கள், இன்றும் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கண் மங்கியதும் அவர் நிறுத்திவிட்டார். பிரான்ஸில் ஹென்றி மத்தீஸ் 1941இல் பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடி வர்ணம் பூசிய தாள்களை வெட்டினார். அவருக்குக் கண் இருந்தது, எங்கே ஒட்டுவது என்று பார்த்துச் சொல்ல முடிந்தது. பினோத் பிஹாரிக்கு மேரி டெலனி நிறுத்திய இடம்தான் தொடக்கம்.

நம் மாத்தளை மாவட்டத்திலேயே ஹபுவிடவில் அரக்கு வேலை செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நிற அரக்கை நெருப்பில் இளக்கி, நூலாக இழுத்து, மரப் பிடியில் சுற்றி, பெருவிரல் நகத்தால் நறுக்கிப் பூவும் கொடியும் போடுவார்கள். கருவி என்று தனியாக ஒன்றும் இல்லை, நகம்தான். அரக்கு எந்தச் சூட்டில் இழுபடும், எந்தச் சூட்டில் முறியும் என்பதையும் விரலே அறியும். பினோத் பிஹாரியின் கதையை வாசித்த பிறகுதான் எனக்கு அந்த வேலையின் அருமை விளங்கியது. பள்ளிச் சுற்றுலாவில் போனபோது நாங்கள் வளையல் வாங்குவதில் மட்டும்தான் கவனமாக இருந்தோம்.

1958இல் அவர் சாந்திநிகேதனுக்குத் திரும்பி, கலாபவனில் கலை வரலாறு படிப்பித்தார். தான் பார்த்த படங்களை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்க்கக்கூடிய மாணவர்களுக்கு விளக்கினார். லீலா டெஹ்ராடூனில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக வேலை செய்துகொண்டிருந்தார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் இந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். பெண்கள் பாடசாலை மலரில் அப்படித் தாண்ட முடியாது. கண் தெரியாத கணவர், சிறு பிள்ளை, மாதச் சம்பளம், அத்தோடு தன் சிற்ப வேலை என்று நான்கையும் அந்தப் பெண் சேர்த்து நடத்தினார்.

1972இல், கண் இழந்து ஏறத்தாழ பதினைந்து வருடத்துக்குப் பிறகு, கலாபவன் சுவர் ஒன்றில் மறுபடியும் பெரிய வேலை செய்தார். முதலில் தாளை வெட்டியும் மடித்தும் உருவங்களை அமைத்தார். பிறகு மாணவர்களின் உதவியோடு அவை சுட்ட ஓடுகளாகச் சுவரில் ஏறின. அதே வருடம், ஒரு காலத்தில் கலாபவனில் அவரிடம் படித்த சத்யஜித் ரே அவரைப் பற்றி 'அகக் கண்' என்று பொருள்படும் பெயரில் ஒரு குறும்படம் எடுத்தார். சுமார் இருபது நிமிடம் ஓடும் படம். நான் அதை மேற்படிப்புக் காலத்தில், ஓர் இரவுக் கடமையின் நடுவில் சின்னத் திரையில் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வயதான மனிதர். அவர் முகத்தைவிடக் கைகள்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன. அவசரமே இல்லாத கைகள்.

அவர் தோற்றவற்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது பிரசங்கமாகிவிடும். அந்தப் பழைய நீர்வர்ணங்கள், நிறம் நிறத்தோடு கரைந்து போகும் அந்த மாலை வெளிச்சங்கள், திரும்பி வரவே இல்லை. ஹிந்திபவன் சுவர் போன்ற இன்னொன்றை அவர் செய்யவில்லை. பிறகு செய்தவை அவற்றுக்கு ஈடு என்று நான் சொல்ல வரவில்லை. அவை வேறு படங்கள். கண் இருந்திருந்தால் அவர் செய்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிற படங்கள்.

1974இல் பத்ம விபூஷண், 1977இல் விஸ்வபாரதியின் தேசிகோத்தமர் பட்டம். தன் வாழ்க்கையையும் பார்வை இழப்பையும் பற்றி வங்காளத்தில் அவர் சொல்லி எழுதுவித்தவை 'சித்ரகர்' என்ற புத்தகமாக வந்தன, அதற்கு ரவீந்திர புரஸ்கார் கிடைத்தது. அதை ஆங்கிலத்தில் தந்தவர் அவருடைய மாணவர் கே. ஜி. சுப்பிரமணியன், கேரளத்தில் பிறந்த தமிழர். 1980 நவம்பரில் டில்லியில் பினோத் பிஹாரி காலமானார். மகள் மிருணாளினி அந்த சுப்பிரமணியனிடம் பரோடாவில் படித்து, சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆள் உயரச் சிற்பங்கள் செய்தார். 2015இல் அவர் மறைந்தார். 2019இல் நியூயோர்க்கில் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. தகப்பன் தாளில் தேடியதை மகள் கயிற்றில் தேடினார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கதை முடிந்ததும் டீச்சர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, ஓரம் தெரிவதற்கு அவர் எந்தத் தடிப்பில் தாள் எடுத்திருப்பார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பையில் மண்கடதாசி, பிஸ்கட் பெட்டி அட்டை, பட்டுச் சேலைக் கரை, தும்பு, கறுவாப்பட்டைச் சீவல், கடையில் வாங்கிய குழாய்ப் பசை எல்லாம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்து மடியில் வரிசைப்படுத்தினார். குழாய்ப் பசையை மட்டும் திருப்பித் தந்துவிட்டார். அது உடனே இறுகிவிடும், வைத்த துண்டை நகர்த்த விடாது, விரலிலும் படிந்து தோலை மரக்கச் செய்துவிடும். கோதுமை மாவைத் தண்ணீராகக் காய்ச்சி, ஆறவைத்துக் கொண்டுவரும்படி சொன்னார். கட்டி விழாமல் கிண்ட வேண்டும் என்றும் சொன்னார், தரம் ஏழில் சொன்ன அதே குரலில்.

கண்காட்சி அறையில் இந்த முறை தொட வேண்டாம் என்ற அட்டை வைக்கப்பட மாட்டாது. கதவுக்கு வலப்புறம் முதல் மேசை டீச்சருக்கு ஒதுக்கியிருக்கிறோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கள் பக்கத்துத் துண்டு ஒன்றைக் கொண்டுவாருங்கள். துணியோ, பட்டையோ, பஸ் டிக்கட்டோ எதுவானாலும் சரி. நிறம் என்னவென்று நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

— பழைய மாணவி (வைத்தியர்)